மூன்றாம் வார்த்தை

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது லெந்து நாட்களில் தினமும் படுக்குமுன் மனதில் பட்டதை உள்ளபடி எழுதுங்கள் என்று குருவானவர் பிரசங்கத்தில் சொன்னார். வெளியே வந்ததும் ரஞ்சிதம் டீச்சர், "இதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு?" என்றாள். எனக்கு இருக்கிறது. வரும் வழியிலேயே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'எமிமாள் ஆசீர், செயலாளர், பெண்கள் ஐக்கிய சங்கம்' என்று எழுதிவிட்டேன். சபையில் வேறு யாரும் எழுதப்போவதில்லை. பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஈஸ்டர் வரை மீன், கறி, காப்பி கிடையாது. காலை ஆகாரமும் கிடையாது. வருடா வருடம் இருக்கிறேன், பெரிய விஷயமில்லை.

மதியம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாளை மீன் பொரிக்கும் வாசனை வந்தது. சாம்பல் புதன் அன்றைக்கு! மாமனார் கட்டிய வீட்டை அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் மதில் வைத்துப் பிரித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் என் ஓர்ப்படியாள் தங்கபுஷ்பம். கொழுந்தனார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, டிவி பார்ப்பதும் மீன் பொரிப்பதுமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசித்து முடித்த பிறகுதான் கோயிலுக்கு வருவாள். வந்து கடைசி பெஞ்சில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவாள். போன டிசம்பரில் நாங்கள் தொண்டை கட்டக்கட்ட வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போன வாரத்தில், சென்னையில் யாருக்கோ கல்யாணம் என்று கிளம்பிப்போய் ஆற அமரத் திரும்பி வந்தாள்.

இவளைப் பற்றி எழுத இந்த நோட்டை வாங்கவில்லை. ஆனால் உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொரித்த மீனை என் மகள் பெர்சிஸ் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, மே மாதம்தான் இறங்குவார். தாம்பரத்தில் தனியாகக் கிடப்பானேன் என்று நான்தான் போன வாரம் வரச்சொன்னேன். வந்தவள் பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 6

காப்பி இல்லாமல் தலை இடிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

பெர்சிஸ் என்னோடு கோயிலுக்கு வரவில்லை. "நீ போம்மா, நான் பின்னால வாரேன்" என்றாள். பின்னால்தான் வந்தாள், புஷ்பத்தோடு, இரண்டாம் பாடத்துக்குப் பிறகு. இரண்டு பேரும் கடைசி பெஞ்ச். பிரசங்கத்தின்போது நான் ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தேன். சரி, மூன்று தடவை.

ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம். வழக்கம்போல ஜெபத்தை நான் ஏறெடுத்தேன். பெர்சிஸுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த ஆறு வருடமும் ஒரு கூட்டம் தவறாமல் அவள் பெயரைச் சொல்லி, கர்ப்பத்தின் கனியைக் கட்டளையிடும் ஆண்டவரே என்று கண்ணீரோடு கேட்டிருக்கிறேன். இன்று அவளே நேரில் இருந்ததால் குரல் இன்னும் தழுதழுத்தது. ரஞ்சிதம் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பெர்சிஸ் இல்லை. புஷ்பமும் இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டால் வயிற்றுவலி என்கிறாள். வயிற்றுவலிக்காரிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வேலை?

மார்ச் 15

நான் வைக்கும் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்கிறாள். அங்கே போனால் தட்டு வழித்து வைக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், துணி காயப்போட ஸ்டூலில் ஏறினால் அவர்கள் அடுக்களை ஜன்னல் தெரியும்.

ஸ்டூல் துணிக்காகத்தான்.

மார்ச் 19

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி நேர ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். மூன்றாவது வார்த்தை, சிலுவையின் கீழே நின்ற தம் தாயை அவர் சீடனுடைய பொறுப்பில் விட்டது. அதை எப்போதும் ஒரு பெண்தான் பேசுவாள். எத்தனையோ வருடமாக அந்தப் பெண் நான். மரியாளின் வேதனையை நான் விவரிக்கும்போது ஆண்கள் பக்கத்திலும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

இன்று அட்டவணையை ஒட்டினார்கள். மூன்றாம் வார்த்தை: திருமதி தங்கபுஷ்பம்.

பிள்ளை பெறாதவளுக்குத் தாயின் வார்த்தை. அவளுக்கு என்ன தெரியும்? இரண்டாம் பாடத்துக்கு முன்னால் கோயிலில் என்ன நடக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது!

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "புஷ்பமா? நல்லா இருக்குமே" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை இவரே போட்டுக்கொண்டார்.

மார்ச் 20

உபவாசம். இன்று தண்ணீரும் குடிக்கவில்லை. புஷ்பம் வீட்டில் நெத்திலி.

மார்ச் 23, ஞாயிறு

குருவானவரைப் பார்த்தேன். வருத்தமாகக் கேட்கவில்லை, சபையின் நன்மைக்காகத்தான் கேட்டேன்.

"அவங்களும் மாட்டேன்னுதாம்மா சொன்னாங்க. நான்தான் வற்புறுத்தினேன்" என்றார்.

"என் பேச்சுல எதுவும் குறை இருந்துதா ஐயா?"

"குறையே இல்லம்மா. வருஷாவருஷம் அப்படியே மனப்பாடமா வருது."

அவர் சின்ன வயதுக்காரர். புகழ்ச்சியாகத்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் வார்த்தைக்கு நான்கு பக்கம் எழுதி முடித்தேன். அவள் கடைசி நேரத்தில் கையை விரித்தால் யாராவது ஒருவர் தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட். பெர்சிஸ் கத்துகிறாள், "சித்தி, கேட்ச்ச விட்டுட்டான் பாருங்க!" அப்புறம் ஒரே சிரிப்பு. வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. இவரும் ஸ்கோர் கேட்டுவருகிறேன் என்று போனவர் ஆட்டம் முடிந்துதான் வந்தார். நான் தனியாக உட்கார்ந்து மாலை ஜெபம் பண்ணினேன். ஜெபத்தின் நடுவில் யார் அவுட் என்று காது கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 29

கேட்டேவிட்டேன். பெர்சிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவகிட்ட மணிக்கணக்கா என்ன பேசுத? பெத்த தாய்கிட்ட சொல்லக்கூடாதது என்ன இருக்கு?"

இன்னொரு துணியை எடுத்தாள். "சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுவியாம்மா?"

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

"சரி. சொல்ல மாட்டேன்னாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "டிசம்பர்ல கலைஞ்சிட்டும்மா. அஞ்சாம் மாசம்."

உள்ளபடி எழுத வேண்டும். நான் முதலில் கேட்டது, "புஷ்பத்துக்குத் தெரியுமா?"

பெர்சிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சித்திதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தாங்க."

கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. நான் இங்கே வீடு வீடாகப் போய், பிறந்த பாலகனைப் பாடிக்கொண்டிருந்தபோது அவள் அங்கே என் மகளின் கட்டில் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

"என்னை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா நீ வந்திருப்பம்மா. கூடவே ஊரும் வந்திருக்கும்."

"உண்டாகியிருக்கன்னு தெரிஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"அந்த ஞாயித்துக்கிழமையே ஸ்தோத்திரக் காணிக்கை வச்சிருப்ப. பேரோட வாசிச்சிருப்பாங்க. இப்போ திருப்பி என்னன்னு வாசிப்பாங்க?"

நான் அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம். எழுந்துபோய் உலையில் அரிசியைப் போட்டேன். ஐந்து மாதம். எனக்கு ஒரு பேரப்பிள்ளை ஐந்து மாதம் இருந்திருக்கிறது, அதுவும் புஷ்பத்துக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பாரம் தாங்காமல் காலையில் சங்கத்தின் வாட்ஸப் ஜெபக்குழுவில் போட்டேன். வாக்குக் கொடுத்தது நினைவிருக்கிறது. ஆனால் ஜெபக்குறிப்பு கொடுப்பது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. பெயர் போடவில்லை. 'டிசம்பரில் கர்ப்பத்தின் கனியை இழந்த என் ஒரே மகளின் ஆறுதலுக்காக' என்று மட்டும்தான் போட்டேன்.

கூப்பிய கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எத்தனை பேருக்கு நம்மேல் பாசம்! ரஞ்சிதம் டீச்சர், 'தாயின் வேதனை தாய்க்குத்தான் தெரியும்' என்று எழுதியிருந்தாள். அதை நாலைந்து தடவை வாசித்தேன். குழுவில் புஷ்பமும் இருக்கிறாள். அவள் ஒன்றும் போடவில்லை.

ஏப்ரல் 1

ரஞ்சிதம் டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். நான் தடுப்பதற்குள் பெர்சிஸின் தலையில் கையை வைத்து, "கவலைப்படாதம்மா, கர்த்தர் இரட்டிப்பாத் தருவாரு. அடுத்த தடவை மாடிப்படி ஏறாம பாத்துக்க" என்றாள்.

பெர்சிஸ் "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். டீச்சரை வாசல்வரை கொண்டுவிட்டாள். திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஏப்ரல் 2

பெட்டியை எடுத்துக்கொண்டு பெர்சிஸ் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான்கு நாள் மாறி இருக்கட்டும் என்று நான்தான் விட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தினமும் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்துவிடுகிறேன். இவர்தான் கொண்டுபோகிறார். சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வருகிறது. வெறுஞ்சட்டி கொடுக்கக்கூடாது என்று ஒரு கை சீனி போட்டு அனுப்புகிறாள் புஷ்பம். அவளைக் குற்றம் சொல்ல ஒரு இடமும் கொடுக்க மாட்டேன் என்கிறாள், அதுதான் எனக்கு எரிகிறது.

"சாப்பிட்டாளா?" என்றேன்.

"புஷ்பம் ஊட்டிவிட்டா" என்றார்.

இதை இவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். லெந்து நாளில் மனுஷன் மனதில் என்னென்னவெல்லாம் எழும்புகிறது! பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வயது மகளுக்கு நான் ஊட்ட முடியாதா, கேட்டிருந்தால்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் ஓசன்னா பாடிக்கொண்டு எங்கள் தெரு வழியாக வந்தோம். புஷ்பம் வீட்டு வாசலில் சாத்திய கதவு. நான் குரலை உயர்த்திப் பாடினேன். கதவு திறக்கவில்லை. குருத்தோலைச் சிலுவை ஒன்றை அவள் கேட்டில் செருகிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். அடுக்களை ஜன்னல் கம்பியில் இருந்தது. யார் எடுத்து வைத்தார்களோ தெரியவில்லை.

ஏப்ரல் 16

புஷ்பம் வந்தாள். மதில் எழுப்பிய பிறகு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து பேசுவது அபூர்வம். காப்பி வேண்டாம் என்றாள். லெந்துக்காக இல்லை, இப்போதுதான் குடித்தாளாம்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்கு வரல. மூணாம் வார்த்தைய நீங்களே எடுத்துக்கோங்க. ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏன், தயார் பண்ணலியா?" என்று மட்டும் கேட்டேன்.

"பெர்சிக்கு டாக்டர் குறிச்சிருந்த நாள் அதுதான் அக்கா. பிள்ளை பெறக்க வேண்டிய நாள். இப்பவே சோறு இறங்கல அவளுக்கு. பக்கத்துல ஆள் இருக்கணும்."

"உபவாசம் இருந்து ஜெபிக்கணும். நான் சங்கத்துல சொல்லி ஒரு சங்கிலி ஜெபம்..."

"வேண்டாம் அக்கா." கோபமாகச் சொல்லவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "எனக்காகவும் நீங்க பத்து வருஷம் ஜெபிச்சீங்க. நல்ல மனசோடதான் ஜெபிச்சீங்க. ஒவ்வொரு தடவை நீங்க என் பேரைச் சொல்லும்போதும், கண்ணை மூடியிருந்த பொம்பளைங்க எல்லாம் கண்ணைத் திறந்து என் வயித்தப் பாப்பாங்க. அதனாலதான் அக்கா நான் பிந்தி வர ஆரம்பிச்சேன். கடைசி பெஞ்சுல இருந்தா யாரும் திரும்பித்தான் பாக்கணும்."

எழுந்து வாசல்வரை போய் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

அவள் போனதும் நான்கு பக்கத்தையும் எடுத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எனக்குரியது எனக்கே திரும்பி வந்துவிட்டது. கர்த்தர் நீதியுள்ளவர்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயில் நிரம்பி வழிந்தது. வராண்டாவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் வார்த்தை, பாட்டு, இரண்டாம் வார்த்தை, பாட்டு. பிறகு குருவானவர் என் பெயரைச் சொன்னார். போனேன். மைக்கை என் உயரத்துக்கு இறக்கினேன். நான்கு பக்கத்தையும் விரித்து வைத்தேன்.

முதல் வரி, 'சிலுவையின் அருகே அந்தத் தாய் நின்றாள்.' வருடா வருடம் இதே வரிதான். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடைவெளியில்தான் முதல் விம்மல் கேட்கும்.

சொன்னேன். நிறுத்தினேன். கேட்டது.

அப்போது என் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. ஃபேனுக்குக் கீழே புஷ்பத்தின் இடம் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அங்கே யாரும் உட்காரவில்லை. அவள் எங்கே என்று எனக்குத் தெரியும். பெர்சிஸின் அருகே அவள் நின்றுகொண்டிருக்கிறாள். நான் அதைப் பற்றிப் பேசப்போகிறேன்.

உள்ளபடி எழுதுகிறேன். அந்த நிமிடம் எனக்கு வந்தது செய்ததற்கான வருத்தம் இல்லை, பக்தியும் இல்லை. பொறாமைதான், இந்த லெந்து முழுக்க வந்ததிலேயே பெரிய பொறாமை. நான் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கிறாள். என் கையில் மைக் இருக்கிறது. இதற்காகவா இத்தனை நாள் காப்பி குடிக்காமல் இருந்தேன்?

"மன்னிக்கணும் ஐயா, நான் போகணும்" என்றேன். மைக்கில்தான் சொன்னேன் போலிருக்கிறது, எல்லாரும் நிமிர்ந்தார்கள். மூன்று மணி நேர ஆராதனையின் நடுவில் எழுந்து போனவர்களைப் பற்றி நானே எத்தனையோ பேசியிருக்கிறேன். நடுப்பாதையில் நடந்தேன். ஆண்கள் பக்கம் இவர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். வாசலில் கிடந்த செருப்பைப் போட மறந்துவிட்டேன். பாதி வழியில் தார் ரோடு சுட்டபோதுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

புஷ்பம் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் விலகி வழிவிட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பெர்சிஸ் அறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் கஞ்சியும் பொரித்த சாளையும், தொடாமல் இருந்தது. நான் கஞ்சி போட்ட சேலையோடு மொடமொடவென்று தரையில் உட்கார்ந்தேன்.

"ஜெபம் பண்ணப் போறியாம்மா?"

"இல்ல."

"மூணாம் வார்த்தை?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

"பின்ன என்னத்துக்கு வந்த?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாகச் சபையில் ஜெபிக்கிறேன், எனக்கு வார்த்தை கிடைக்காமல் போனது இன்றைக்குத்தான். "குரூப்புல போட்டது தப்புதாம்மா" என்றேன். அவள் தலையாட்டவில்லை. போகவும் சொல்லவில்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவளாகவே, "பேர் வச்சிருந்தேன்மா" என்றாள்.

"என்ன பேரு?"

சொன்னாள். சொல்லிவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான் அழுதது எனக்கே புதிது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்பிட்டா நானும் சாப்பிடுதேன்" என்றாள். ஆராதனை முடியும் மூன்று மணிகூட ஆகவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை, மீன் வேறு. ஒரு துண்டை முள் எடுத்து அவள் வாயில் வைத்தேன், ஒரு துண்டை நான் போட்டுக்கொண்டேன். மீன் ருசியாக இருந்தது. புஷ்பம் எதைத்தான் ருசி இல்லாமல் செய்வாள்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனைக்குப் போய்வந்தேன். ஆரம்பிக்குமுன் சங்கத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ரஞ்சிதம் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படி ஓடினீங்களே, என்ன ஆச்சு? சொன்னாத்தானே நாங்க பாரத்தோட ஜெபிக்க முடியும்?" என்றாள். என் குரல் அவள் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல டீச்சர், ஈஸ்டர் வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். புஷ்பம் இரண்டாம் பாடத்துக்குப் பிறகு வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, நகரச் சொன்னாள். ஃபேன் அவளுக்குத்தான் வேண்டுமாம்.

பெர்சிஸ் கோயிலுக்கு வரவில்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மருமகன் வரும்வரை அங்கேதான் இருப்பாளாம். நான் தினமும் போய்வருகிறேன். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, அதுவும் என்னோடு மதிலைச் சுற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன், இரண்டு டம்ளர்.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடுகிறேன். அந்தப் பெயரைப் பற்றி நேற்று மறுபடியும் பேசிக்கொண்டிருந்தோம். புஷ்பத்திடம்கூட அதைச் சொன்னதில்லையாம் பெர்சிஸ். என்னிடம்தான் முதலில். அதைக் கேட்டதும் எழும்பி ஓடிப்போய் புஷ்பத்திடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இங்கேயும் அதை எழுத மாட்டேன். ஜெபத்திலும் சத்தமாகச் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவருக்கு அந்தப் பெயர் என்னைவிட முன்னாலேயே தெரியும்.